இறங்கும்போது வரும் வலி: முட்டி நாணின் வரலாறு



பினாங்கு தண்ணீர்மலையில் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு ஏறிச்செல்ல 513 படிகள் உள்ளன. தைப்பூசத்தன்று விடியற்காலையிலேயே தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து அந்தப் படிகளை ஏறி இறங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். முட்டி பேசாமல் வரும். இறங்கும்போதுதான் அது பேசத் தொடங்கும். ஒவ்வொரு படிக்கும் முட்டிச்சில்லின் கீழே ஊசி குத்துவதுபோல் ஒரு வலி. இது ஏன்? இந்த வலிக்கு மருத்துவ உலகம் காலந்தோறும் என்ன விடை சொல்லி வந்தது? இவ்விரண்டு கேள்விகளையும் இன்று சற்று விரிவாகப் பார்க்க எண்ணுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆனால் இந்த வலியோடு வளர்ந்தவன். என் தாயார் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டு நிரைக்குப் போவார். பட்டை கீழிறங்கிய மரம் என்றால் உட்கார்ந்து வெட்டவேண்டும், எழுந்து அடுத்த மரத்துக்கு நடக்கவேண்டும், மறுபடி உட்காரவேண்டும். பிறகு தோளில் கம்பும் இருபுறமும் பால்வாளிகளுமாக மேட்டிலிருந்து இறங்கிவரவேண்டும். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து முட்டிக்குக் கோடாலித் தைலம் தேய்த்து, பழஞ்சேலைத் துணியால் இறுகக் கட்டுவார். மருந்தறைக்குப் போனால் இரண்டு மாத்திரையும், “கொஞ்சநாள் ஓய்வெடு” என்ற சொல்லும் கிடைக்கும். நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஓய்வு என்பது சம்பளம் இல்லாத நாள். 1989இல், தம் 43ஆம் வயதில், அவர் வெட்டு வேலையை விட்டுவிட்டார். முட்டி தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் நம்பினார்.

முதலில் முட்டியின் அமைப்பைப் பார்ப்போம். தொடையின் முன்பக்கத்தில் உடலிலேயே மிக வலிமை வாய்ந்த தசைக்கூட்டங்களுள் ஒன்று இருக்கிறது. அது முட்டிச்சில்லைப் பற்றியிருக்கிறது. சில்லின் கீழ் நுனியிலிருந்து ஒரு தடித்த வெண்ணிறப் பட்டை புறப்பட்டுக் கீழ்க்காலின் எலும்பில் போய்ப் பதிகிறது. இதைத்தான் முட்டி நாண் என்கிறோம். வில்லுக்கு நாண் எப்படியோ, தசைக்கு இது அப்படி. தசை இழுக்கும் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்ப்பது நாணே. படி ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கிணற்றில் நிறைகுடத்தைக் கயிற்றில் மெல்ல இறக்குவதைப் போன்றது அது. கயிற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும், விடாமல் பிடிக்கவும் வேண்டும். ஓடிக் குதித்துத் தரையிறங்கும் நொடியில் இந்த நாணின்மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் பல மடங்கு.

நாணுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அது மிகமிக மெதுவாக மாறும் பொருள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரியணுக்களை அடையாளமாக வைத்து, டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர் 2013இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மனிதனுடைய குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் கட்டப்பட்டுவிடுகிறது. அதன்பின் அது பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதே அது. தோல் கிழிந்தால் பத்து நாளில் ஆறுகிறது. நாண் நொந்தால் மாதக்கணக்கில் ஏன் ஆகிறது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

சரி, ஓய்வு என்ற விடை எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். பரம்பரை எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். நம் ஊரில் சுளுக்கு வழிப்பவர், எலும்பு கட்டுபவர் இல்லையா, அப்படிப்பட்ட குடும்பம். நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு தரவேண்டும். அதை இடைவிடாமல், நீண்ட நாளைக்கு, வற்புறுத்தியேனும் தரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. காசநோய் தாக்கிய மூட்டுக்கும் முறிந்த எலும்புக்கும் அது பெருநன்மை செய்தது. அவர் அமைத்த தொடைக் கட்டுச் சட்டத்தை அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் பரவலாகப் பயன்படுத்தச் செய்ததால் எண்ணற்ற போர்வீரர்கள் உயிர் பிழைத்தார்கள். குறை தாமசிடம் இல்லை. எலும்புக்குச் சொன்னதை நாணுக்கும் தசைக்கும் சேர்த்துப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் மருந்தறை மருந்தறையாக இறங்கிவந்து, கடைசியில் எங்கள் தோட்டத்து மருந்தறையையும் எட்டியது என்றே நான் எண்ணுகிறேன்.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. சுவீடன் நாட்டில் பேர் ஹென்றிக் லிங் 1813இலேயே ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, அசைவே மருந்து என்று கற்பித்தார். பிரான்சில் லூக்கா சம்பியோனியே என்ற அறுவை மருத்துவர், முறிந்த உறுப்பைக்கூட விரைவில் அசைக்கவேண்டும் என்று வாதாடினார். 1894இல் இலண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற உடல்பிடி மகளிருக்கென ஒரு சங்கம் கண்டார்கள். பிசியோதெரபி என்று இன்று நாம் சொல்லும் தொழிலுக்கு இங்கிலாந்தில் அதுவே வித்து. ஆனாலும் பெரிய மருத்துவமனைகளில் ஓய்வுதான் அரசாண்டது.

அதை அசைத்தது இரண்டாம் உலகப் போர். அந்தப் போரை நம் மக்கள் வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1942லும் 1943லும் தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் கால்களைப் பற்றி மருத்துவ ஏட்டில் யாரும் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதே போரின் இறுதியில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கார்டினர் இராணுவ மருத்துவமனை முட்டி அடிபட்ட வீரர்களால் நிறைந்திருந்தது. கட்டிலில் கிடந்து கிடந்து அவர்களுடைய தொடைகள் மெலிந்துபோயிருந்தன. அங்கே தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் பணியாற்றினார். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்பு எடை தூக்கித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர் அவர். ‘எனக்குப் பலித்தது இவர்களுக்கு ஏன் பலிக்காது?’ என்று எண்ணினார். வீரர்களின் காலில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடையை மாட்டி, பத்துப் பத்துத் தடவையாகத் தூக்கச் சொன்னார். வலிமை கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945இல் அதை ஏட்டில் எழுதினார். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவை வரை தூக்கச் சொன்னவர், அது மிகுதி என்று கண்டு 1948இல் மூன்று சுற்றாகக் குறைத்தார். இன்றைக்கும் உடற்பயிற்சி செய்பவர்கள் மூன்று சுற்று, பத்துத் தடவை என்று சொல்வது அங்கிருந்து வந்ததே. படிப்படியாகப் பாரத்தைக் கூட்டு என்ற ஒரே கருத்துதான் அது. பள்ளியில் வாய்பாட்டை ஒன்றிலிருந்து தொடங்குவதைப்போல.

இந்தச் சிந்தனை தமிழ் மண்ணுக்கும் வந்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கு என்பவரிடம் அத்துறையைக் கற்றுவந்தார். அந்த ரஸ்கும் போர்க்காலத்தில், படுக்கையில் கிடக்கும் வீரன் நாளுக்கு நாள் நலிகிறான் என்று கண்டு பாடம் படித்தவர்தான். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அறுவை முடிந்தால் மருத்துவம் முடிந்துவிடவில்லை, நோயாளி தன் கையால் தன் உடலைத் திரும்பக் கட்டவேண்டும் என்பது அங்கே தமிழிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது.

இப்போது முட்டி நாணுக்கு வருவோம். அதன் வலிக்கு இன்று பரவலாக வழங்கும் ஒரு பெயர் கிடைத்தது 1973இல். பிளாசினா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவரும் அதற்குக் ‘குதிப்பவர் முட்டி’ என்று பெயரிட்டார்கள். குதித்தால் முட்டி நோகும் என்பது அதற்கு முன்பே ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். நம் பினாங்கில் பிறந்த எடி சூங் 1953, 1954, 1956, 1957 ஆகிய நான்கு ஆண்டுகளில் அனைத்து இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டத்தை வென்றார். காற்றில் எழும்பிப் பந்தை அடிப்பதற்குப் பேர் பெற்றவர். அவருக்கு முட்டி வலித்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு முட்டி வலித்திருந்தால் அதைச் சொல்ல இந்தப் பெயர் இல்லை என்பதைச் சொல்கிறேன். பால்மரம் வெட்டுபவரின் முட்டிக்கோ இன்றுவரை தனிப்பெயர் ஏதும் நான் கேள்விப்பட்டதில்லை.

பெயரைத் தொடர்ந்து ஓர் ஐயமும் எழுந்தது. நாண் வலியை எல்லாரும் வீக்கம், அழற்சி என்றே கருதி, அதைத் தணிக்கும் மாத்திரையும் ஊசியும் தந்தார்கள். இத்தாலியில் புட்டு என்பவர் 1976இல் வேறு ஒரு சொல்லை முன்வைத்தார். நாட்பட்ட வலியுள்ள நாணை வெட்டிப் பார்த்தால், எதிர்பார்த்த அழற்சியைக் காட்டிலும் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதே பெரிதாகத் தெரிந்தது. அழற்சி வேறு, இழை குலைவு வேறு. பாய் நைந்துபோனால் மருந்து பூசுவதில் பயன் என்ன? 1984இல் கனடாவின் ஹாலிபாக்சு நகரிலிருந்து கர்வின் என்ற பிசியோதெரபிப் பெண்மணியும் ஸ்டானிஷ் என்ற மருத்துவரும் ஒரு நூல் வெளியிட்டார்கள். நீண்டுகொண்டே பாரம் தாங்கும் பயிற்சியை, அதாவது குடத்தைக் கயிற்றில் இறக்கும் அந்தச் செயலை, நாணுக்கு மருந்தாகத் தரலாம் என்றார்கள். எந்த அசைவு வலி தந்ததோ அதையே!

இதை உலகறியச் செய்தவர் சுவீடனின் வடபகுதியில் உமியோ நகரில் இருந்த ஹோக்கன் ஆல்ப்ரெட்சன். முட்டி நாணுக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க குதிகால் நாணில் அவருக்கு வலி. அவர் எலும்பு மருத்துவர், ஓட்டக்காரரும்கூட. 1990களில் தம் மேலதிகாரியிடம் போய், “எனக்கு அறுவை செய்யுங்கள்” என்று கேட்டார். உங்களுக்கு நீண்ட விடுப்புத் தர இயலாது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஆல்ப்ரெட்சனுக்குக் கோபம். நாண் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று கருதி, படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி, பாரத்தைக் கூட்டிக்கூட்டித் துன்புறுத்தினார். அறுக்கப் பார்த்த நாண் தேறிவிட்டது! அவரே பின்னாளில் சொன்ன கதை இது. விடுப்புக் கிடைக்காததால் குணமான நோயாளி உலகிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். நம் தோட்டத்து மக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர் அத்தோடு நிற்கவில்லை. குதிகால் நாண் நொந்த 15 ஓட்டக்காரர்களுக்கு நாளைக்கு இருவேளை, வாரம் ஏழு நாளும், 12 வாரம் அந்தப் பயிற்சியைத் தந்தார். 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். 1998இல் அது ஏட்டில் வெளிவந்தது.

அதன்பின் முட்டியின் முறை. 25 பாகைச் சாய்வுப் பலகைமேல் நின்று ஒற்றைக்காலில் மெல்ல உட்காரும் பயிற்சி 2004இல் அறிமுகமாயிற்று. 2006இல் நார்வே நாட்டில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வலியுள்ள 40 முட்டிகளை எடுத்து, 20க்கு அறுவையும் 20க்குப் பயிற்சியும் தந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அறுவைக்கென்று தனிச்சிறப்பு எதுவும் தென்படவில்லை. 2009இல் டென்மார்க்கில் ஊசியையும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஊசி போட்டவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அரையாண்டில் அவர்கள் பின்னடைந்தார்கள். கனமான எடையை மெதுவாகத் தூக்கியவர்கள் நிலைத்து நின்றார்கள். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 76 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, வலிக்க வலிக்கச் செய்யும் பழைய முறையைவிட, தாங்கக்கூடிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் முறையே மேல் என்று காட்டியது. சிக்காகோவில் 1945இல் சொன்ன பாடத்துக்கே சுற்றிவந்து சேர்ந்தோம்.

இந்தப் படிப்படி முறையை வீட்டில் எப்படிச் செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து தாண்டப்போய் வாங்கிக்கொண்ட வலி எனக்கு. மூன்று மாதம் ஓய்வெடுத்தேன், வலி நின்றது. மீண்டும் திடலில் இறங்கிய வாரமே அது திரும்பி வந்தது. தொடை மெலிந்ததுதான் மிச்சம்.

முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை முன்னே வைத்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல் அசையாமல் நிற்கவேண்டும். 45 விநாடி, பிறகு இரண்டு நிமிட இளைப்பாறல், இப்படி ஐந்து தடவை. அசையாமல் தாங்கினால் வலி சற்று அடங்குவதை 2015இல் ஆஸ்திரேலியர் கைப்பந்து ஆட்டக்காரர்களிடம் கண்டு எழுதினார்கள். எல்லாருக்கும் அப்படி அடங்குவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு ஓரளவு அடங்கியது. சில வாரத்துக்குப் பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து மெல்ல எழுவது. உட்கார மூன்று எண்ணிக்கை, எழ மூன்று எண்ணிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அது எளிதானதும் முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசி, பிறகு ஐந்து கிலோ. அதன்பின் ஒற்றைக்கால். தாண்டுவதும் ஓடுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி.

வலியை எப்படி அளப்பது? ஆசிரியனுக்கு மதிப்பெண் போடத் தெரியும். பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம். அதற்குமேல் போனாலோ, மறுநாள் காலையில் முன்னைவிட அதிகம் வலித்தாலோ பாரத்தைக் குறைக்கவேண்டும். பயன் தெரிய 12 வாரம் ஆகும். சிலருக்கு அதைவிட நீளும். மூன்றாம் வாரத்திலேயே “ஒன்றும் பலிக்கவில்லை” என்று விட்டவர்கள்தான் அதிகம். நானும் ஒருமுறை விட்டவன்.

இதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் எழுந்து கேட்டார்: “நாங்க நாள் முழுக்க மேடும் பள்ளமுமா நடக்கிறோம், தூக்கிறோம். அது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்து வேற பயிற்சியா, சார்?” நியாயமான கேள்வி. வேலை நம் நாணின் நிலையைக் கேட்டுப் பாரம் தருவதில்லை. மழைநாளில் ஒன்றுமில்லை, மறுநாள் இரட்டைப் பங்கு. நோகும் காலைக் காப்பாற்ற மற்றக் காலை ஊன்றுகிறோம்; நொந்த கால் இன்னும் மெலிகிறது. பயிற்சியில் அளவு நம் கையில் இருக்கிறது. மெல்லச் செய்கிறோம், இரண்டு காலுக்கும் செய்கிறோம், இடையில் ஒருநாள் விடுகிறோம். ஆனால் அந்தத் தாய்க்கு முழு விடை என்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் மேலே சொன்ன நாண் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் ஓடுபவரிடமும் ஆடுபவரிடமும் செய்யப்பட்டவை. வேலை கடுமையான வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன்.

ஓர் எச்சரிக்கை. முட்டி வலி எல்லாம் நாண் வலி ஆகாது. நாண் வலி பெரும்பாலும் முட்டிச்சில்லின் கீழ் நுனியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். முட்டி முழுவதும் வீங்கினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, காய்ச்சலும் சூடும் சேர்ந்து வந்தாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ சுவரில் சாய்ந்துகொண்டு நிற்காதீர்கள். அரசு மருந்தகத்துக்குப் போங்கள். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானம் வேறு நோய். அதற்கும் பயிற்சி உதவும் என்றாலும், எதைச் செய்வது என்பதை மருத்துவரையோ பிசியோதெரபி பணியாளரையோ கேட்டே முடிவு செய்யவேண்டும்.

என் தாயாருக்கு நேர்ந்தது எது? நாண் நோவா, தேய்மானமா? இன்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஹாலிபாக்சு நூல் வெளிவந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் அவர் வேலையை விட்டார் என்பதை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது இங்கிலீசுல இருந்திருக்கும், ஐயா” என்றார். இப்போது பிசியோதெரபி பெண்மணி சொல்லிக்கொடுத்தபடி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் பத்துத் தடவை உட்கார்ந்து எழுகிறார். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பயிற்சி தொடங்கிய மறு ஆண்டு தைப்பூசத்தில் நான் தண்ணீர்மலை ஏறினேன். இறங்கும்போது பக்கக் கம்பியைப் பிடிக்கவில்லை. பாதிப் படி தாண்டியதும் முட்டி ஒருமுறை பேசியது. பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு நடந்தேன்.